தகரக் குழலும் தாய்நிலத்துப் பாட்டும்

"இந்தப் பிள்ளையள் கேட்கிறதெல்லாம் ஒரு பாட்டோ? ஒரே இரைச்சல்!"

எமது வீடுகளில் இந்த முறைப்பாடு எழாத கிழமை இல்லை. சனி, ஞாயிறு என்றால் பிள்ளைகளை மிருதங்க வகுப்புக்கும் சங்கீத வகுப்புக்கும் ஏற்றி இறக்குவதிலேயே பாதி நாள் போய்விடுகின்றது. இங்கே றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில் தவிலும் நாதஸ்வரமும் முழங்கும்போது பிள்ளைகளைக் கையில் பிடித்து முன்னுக்குக் கொண்டுபோய் நிறுத்துகின்றோம். வீட்டுக்கு வந்ததும் அதே பிள்ளை காதிலே இரண்டு குமிழைச் செருகிக்கொண்டு வேறேதோ தாளத்துக்குத் தலையாட்டுகின்றது. "கட்டின காசெல்லாம் வீண்" என்கிறார் அம்மா. "எங்கட கலை எங்களோடை சரி" என்று பெருமூச்சு விடுகிறார் அம்மப்பா.

இந்தப் பெருமூச்சைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்த வேளையில்தான் ஓர் ஐரிஷ் இசைத்தட்டு எம் காதில் விழுந்தது. இம்மாதம் அதைப் பற்றியே எழுதப் போகின்றோம். "அகதித் தமிழரின் சஞ்சிகையில் ஐரிஷ்காரரின் பாட்டுக்கு என்ன வேலை?" என்று நீங்கள் கேட்பது விளங்குகின்றது. சற்றுப் பொறுங்கள். அவர்களும் கப்பலேறி வந்தவர்கள்தான். அவர்களது பிள்ளைகளும் வேற்றூரில் வளர்ந்தவர்கள்தான். அவர்களது பெரியவர்களும் "இதெல்லாம் ஒரு பாட்டோ?" என்றுதான் கேட்டார்கள்.

எமக்கு முன்னே வந்தவர்கள்

ரொறன்ரோவில் பதர்ஸ்ற் வீதி ஏரிக்கரையைத் தொடும் இடத்துக்கு அருகே அயர்லாந்துப் பூங்கா என்று ஒரு சிறு பூங்கா இருக்கின்றது. போகாதவர்கள் ஒருமுறை பிள்ளைகளோடு போய்ப் பாருங்கள். எலும்பும் தோலுமாக ஐந்து வெண்கல உருவங்கள் அங்கே நிற்கின்றன. றோவன் கில்லெஸ்பி என்ற ஐரிஷ் சிற்பி செய்தவை. இவற்றுக்குச் சோடியான உருவங்கள் டப்ளின் துறைமுகக் கரையில் 1997 முதல் நிற்கின்றன. அங்கே நிற்பவர்கள் புறப்படுகின்றார்கள். இங்கே நிற்பவர்கள் வந்து சேர்ந்திருக்கின்றார்கள். இந்தப் பூங்காவை 2007இல் அயர்லாந்தின் அப்போதைய சனாதிபதி மேரி மக்கலீஸ் நேரில் வந்து திறந்துவைத்தார்.

1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரில் ஒரு நோய் விழுந்தது. ஏழைச் சனங்களுக்கு அதுவே சோறு, அதுவே கறி. அடுத்த சில ஆண்டுகளில் பத்து இலட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் மாண்டனர். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நாட்டைவிட்டு ஓடினர். அதே காலத்தில் அதே துறைமுகங்களிலிருந்து தானியம் ஏற்றிய கப்பல்கள் இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்தன என்பதை ஐரிஷ்காரர் இன்றுவரை மறக்கவில்லை.

1847இல் ரொறன்ரோவின் சனத்தொகை ஏறத்தாழ 20,000. அந்த ஒரே ஆண்டில் இங்கே வந்து இறங்கிய ஐரிஷ் அகதிகள் 38,000 பேருக்கு மேல். கிங் வீதியும் ஜோன் வீதியும் சந்திக்கும் இடத்தில் அன்றைக்கு வைத்தியசாலை இருந்தது. அதன் பக்கத்தில் பலகைக் கொட்டில்கள் போட்டு ரைபஸ் காய்ச்சல்காரரைக் கிடத்தினார்கள். 1,100 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அவர்களைப் பார்த்த வைத்தியர் ஜோர்ஜ் கிறாசெற்றும், ஆயர் மைக்கல் பவரும் அதே காய்ச்சலில் அதே ஆண்டு மாண்டனர். இன்று அந்தச் சந்தியைக் கடந்துபோகும் எம்மவர் எத்தனை பேருக்கு இது தெரியும்?

எமக்கும் இவர்களுக்கும் ஒரு நேரடிச் சொந்தமும் உண்டு. 1986 ஓகஸ்ற் மாதம் நியூபவுண்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் தத்தளித்தார்களே, அவர்களைக் கண்டு மீன்பிடிக் கப்பலில் ஏற்றியவர் கஸ் டால்ற்றன் என்ற மீனவர். அந்தக் கரையோரத்துச் சனங்களில் மிகப் பெரும்பாலானோர் அயர்லாந்தின் தென்கிழக்கிலிருந்து வந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள். கடலில் வந்தவனைக் கடலில் வந்தவனின் பேரப்பிள்ளைகள் வாழும் கரை வாங்கிக்கொண்டது.

லண்டனில் ஒரு பழைய மதுச்சாலை

இனி விடயத்துக்கு வருவோம். ஷேன் மக்கவன் 1957 டிசெம்பர் 25இல் இங்கிலாந்தின் கென்ற் மாவட்டத்தில் பிறந்தவர். தாய் தகப்பன் இருவரும் ஐரிஷ்காரர். சிறு வயதில் அயர்லாந்தின் ரிப்பறேரிப் பகுதியில் தாயின் குடும்பத்தாரது கமத்தில் வளர்ந்தார். மாமா, மாமி, அயலட்டை எல்லாரும் இரவிலே அடுப்படியைச் சுற்றியிருந்து பாடுவதும் ஆடுவதுமான வீடு அது. பிறகு இங்கிலாந்துக்குத் திரும்பினார். 1970களின் நடுவில் லண்டன் இளைஞர் மத்தியில் 'பங்க்' என்ற இசை கிளம்பியபோது அதற்குள் விழுந்தார்.

பங்க் என்றால் என்ன? எமக்கு விளங்கியபடி சொல்கின்றோம். பள்ளிக்கூடத்தை இடையில் விட்டவர்கள் நாம்; சங்கீதமும் முறையாகப் படித்ததில்லை. மூன்று சுருதி தெரிந்தால் போதும், குரல் இனிமையாக இருக்கத் தேவையில்லை, உள்ளேயிருக்கும் கோபத்தை உரத்தும் வேகமாகவும் பாடு என்பதே பங்க். வேலையில்லாத, மதிப்பில்லாத பெடியன்களின் இசை.

1982 ஒக்ரோபர் 4ஆம் திகதி லண்டன் கிங்ஸ் குறொஸ் பகுதியிலுள்ள ஒரு மதுச்சாலையில் மக்கவனும் நண்பர்களும் முதன்முறை மேடையேறினார்கள். கிங்ஸ் குறொஸ் என்பது அந்நாளில் வடக்கேயிருந்து வந்திறங்கும் ஏழைகளும் குடிபெயர்ந்தவர்களும் கூடும் இடம். அவர்கள் செய்த புதுமை இதுதான்: பங்கின் வேகத்தையும் கோபத்தையும் எடுத்தார்கள், ஆனால் கையிலே ஏந்தியது பழைய கிராமத்து வாத்தியங்களை. ஸ்பைடர் ஸ்ரேசிக்குத் தகரக் குழல். ஜெம் பைனருக்குப் பாஞ்சோ. ஜேம்ஸ் பேர்ன்லிக்கு அக்கோடியன்.

தகரக் குழல் என்பது எமது புல்லாங்குழலின் ஏழைத் தம்பி. ஆறு துளை, ஊதுவாய் ஒன்று, அவ்வளவுதான். 1840களில் இங்கிலாந்தின் மன்செஸ்ரரில் கிளார்க் என்ற குடும்பம் தகரத் தகட்டை உருட்டி இதைச் செய்து மலிவாக விற்கத் தொடங்கியது. ஐரிஷ் வீடுகளில் பிள்ளைகளின் கையில் முதலில் கொடுக்கப்படும் வாத்தியம் பெரும்பாலும் இதுதான். உடைந்தாலும் கவலையில்லை.

குழுவுக்கு முதலில் வைத்த பெயர் ஐரிஷ் மொழியிலே ஒரு வசைச் சொல். இங்கே அச்சிட முடியாத இடத்திலே முத்தமிடச் சொல்வது! ஆங்கிலேயருக்கு அது விளங்கவில்லை. ஆனால் ஸ்கொட்லாந்தில் அதற்கு உறவான மொழி பேசும் சனங்களுக்கு விளங்கிவிட்டது. வானொலிக்கு முறைப்பாடு போனது. பெயரைச் சுருக்கி 'போக்ஸ்' என்று ஆக்கினார்கள். இந்தப் பெயர்க் கதையைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்திருங்கள். பின்னால் தேவைப்படும்.

தட்டில் இருப்பவை

போக்ஸ் குழுவின் மூன்றாவது இசைத்தட்டு 1988 ஜனவரியில் வெளிவந்தது. பெயர் 'இவ் ஐ ஷுட் போல் புறம் கிறேஸ் வித் கோட்'. 'கடவுளின் அருளிலிருந்து நான் விழுந்துபோனால்' என்று பொருள். ஸ்ரீவ் லில்லிவைற் தயாரித்தது. பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் மூன்றாம் இடம் வரை ஏறியது. எம்மோடு இரவு வேலையில் பெட்டி அடுக்கும் ஐரிஷ் வழிவந்த ஒருவர் ஒரு சிறு ஒலிபெருக்கியில் இதை ஓடவிடுவார். யந்திரங்களின் சத்தத்துக்கு மேலாலும் கேட்கக்கூடிய பாட்டு இது! முதல் நாள் எமக்கும் இரைச்சலாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் காலில் ஒரு தாளம் ஏறிவிட்டது. அது என்ன தாளம் என்று யோசித்தபோது சிரிப்பு வந்தது. ஊர்க் கலியாண வீடுகளில் கேட்ட பைலாவின் தாளக்கட்டு!

ஆம், ஐரிஷ் நாட்டாரிசையில் 'ஜிக்' என்ற வகை ஆறு எண்ணிக்கையில் ஓடும். எமது சொற்கட்டில் சொன்னால் 'தகிட தகிட'. எமது பைலாவும் ஆறிலேதான் ஓடுகின்றது. போர்த்துக்கேயரும் ஆபிரிக்கரும் இலங்கைக்குக் கொண்டுவந்த அடி அது. 'றீல்' என்பது நாலு நாலாக 'தகதிமி தகதிமி' என்று ஓடும். இன்னொன்று 'சிலிப் ஜிக்'. அது ஒன்பது எண்ணிக்கை. 'தகிட தகிட தகிட'. பிள்ளைக்கு மிருதங்க வகுப்பிலே இதைச் சொல்லிப் பாருங்கள். உடனே கையால் தட்டிக் காட்டும்.

தட்டிலே மூன்று பழம்பாட்டுகளை ஒன்றாகக் கோத்த ஒரு பகுதி உண்டு. ஒன்று, முதலாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியப் படைக்கு ஐரிஷ் பெடியன்களைப் பிடிக்க வந்த ஆள்சேர்ப்பு அதிகாரியை நையாண்டி செய்வது. மற்றொன்று, கோல்வே நகரத்துக் குதிரைப் பந்தயக் கொண்டாட்டத்தைச் சொல்வது. நடுவிலே வருவது 'றொக்கி றோட் ரு டப்ளின்'. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாட்டு. ரூவம் என்ற ஊரிலிருந்து ஒருவன் கால்நடையாகப் புறப்படுகின்றான். டப்ளினில் அவனது மூட்டை களவு போகின்றது. கப்பலில் பன்றிகளோடு ஏற்றப்படுகின்றான். லிவர்பூலில் இறங்கியதும் அவனுடைய நாட்டை இழித்துப் பேசுகின்றார்கள், அடிதடியாகின்றது. ஏஜென்சிக்காரனிடம் காசைக் கொடுத்து, வழிநெடுக அலைந்து, வந்திறங்கிய இடத்தில் 'உன் நாட்டுக்குப் போ' என்ற சொல்லையும் கேட்ட எம்மவருக்கு இந்தப் பாட்டுக்கு உரை தேவையில்லை. அந்தப் பாட்டு ஓடுவது ஒன்பது எண்ணிக்கையிலே. நொண்டி நொண்டி நடப்பவனின் காலடி போலவே இருக்கும்.

'சவுத் ஒஸ்ரேலியா' என்ற பாட்டு பழைய கப்பற்காரரின் தொழிற்பாட்டு. நங்கூரச் சங்கிலியைச் சுற்றி இழுக்கும்போது ஒருவன் அடியெடுக்க மற்றவர்கள் சேர்ந்து சொல்லி ஒரே மூச்சில் உந்துவார்கள். எமது கரையோரங்களில் கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடல் வேறு, மொழி வேறு. ஆனால் தோள்மூட்டு நோகும்போது மனிதன் பாடும் முறை ஒன்றுதான்.

மக்கவன் எழுதிய 'லல்லபை ஒவ் லண்டன்' ஒரு தாலாட்டு. ஊரிலே இரவில் கேட்ட வயற்பறவையின் குரல் லண்டனில் இல்லை. வாகனச் சத்தமும் மதுச்சாலைக் கூச்சலும்தான் உண்டு. அதற்குள்ளே பிள்ளையை நித்திரையாக்க வேண்டும். 404 நெடுஞ்சாலையின் இரைச்சலுக்குள் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிய தாய்மாருக்கு இது தெரிந்த சங்கதி. ஷனன் ஆற்றைப் பற்றிய பாட்டில் சிறுவயது ஊர் வருகின்றது. யாழ்ப்பாணத்தாராகிய எமக்கு மழைக்கு ஓடி வெயிலுக்குக் காயும் வழுக்கியாற்றைத் தவிர ஆறு இல்லை. ஆனாலும் அந்தப் பாட்டைக் கேட்டபோது எமக்கு நினைவு வந்தது அந்த வழுக்கியாறுதான்.

இந்தத் தட்டின் உச்சம் என்று நாம் கருதுவது 'தவுசன்ட்ஸ் ஆர் செய்லிங்'. ஆயிரமாயிரம் பேர் கப்பலேறுகின்றார்கள் என்று பொருள். எழுதியவர் டப்ளின்காரரான பிலிப் ஷெவ்ரன். 1980களில் அயர்லாந்தில் மீண்டும் வேலையில்லாக் காலம். இளைஞர்கள் அமெரிக்காவுக்குப் போய் விசா முடிந்தபின்னும் ஒளித்திருந்து வேலை செய்தார்கள். அப்படியான இன்றைய மனிதன், நியூயோர்க் துறைமுகத்துத் தீவில் பஞ்சகாலத்துக் குடிபெயர்ந்தவனின் ஆவியோடு பேசுகின்றான். 'வந்து என்ன தொழில் செய்தாய், எப்படி முன்னேறினாய்?' என்பதுபோல் விசாரிக்கின்றான். ஆவியோ தான் கரைசேரவே இல்லை, கப்பலிலேயே போய்விட்டேன் என்கின்றது. ஆனாலும் இது ஒப்பாரி அல்ல. பாதியில் தாளம் எழும்பி எல்லாரும் சேர்ந்து ஆடத்தக்கதாக முடிகின்றது. செத்தவனை நினைத்தபடியே ஆடுவது எப்படி என்பதை இந்தப் பாட்டிலேதான் நாம் கேட்டோம்.

இன்னொரு பாட்டைச் சொல்லாமல் விட முடியாது. 1974இல் பேர்மிங்காம் நகர மதுச்சாலைகளில் குண்டு வெடித்து 21 பேர் கொல்லப்பட்டனர். ஆறு ஐரிஷ்காரரைப் பிடித்து, அடித்து, ஒப்புதல் வாக்குமூலம் எழுதுவித்து, 1975இல் ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். அவர்கள் குற்றமற்றவர்கள் என்று 1988இல் இந்தத் தட்டு பாடியது. அதே ஆண்டு பிரித்தானிய ஒலிபரப்பு அதிகார சபை அந்தப் பாட்டுக்குத் தடை போட்டது. 1991 மார்ச் 14ஆம் திகதி, பதினாறு ஆண்டுச் சிறைக்குப் பிறகு, நீதிமன்றம் ஆறு பேரையும் விடுதலை செய்தது. அந்தக் குண்டுவெடிப்பை அடுத்து லண்டன் பாராளுமன்றம் அவசரமாக நிறைவேற்றியது பயங்கரவாதத் தடைச் சட்டம். 1979இல் கொழும்பிலும் ஒரு சட்டம் வந்தது. 'தற்காலிக ஏற்பாடுகள்' என்ற சொல் உட்பட அதே பெயர்! வாக்குமூலம் என்றால் என்னவென்று எமது சனத்துக்கு நாம் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

நத்தார் காலத்தில் இங்கே கடைகளில் ஓடும் 'பெயறிரேல் ஒவ் நியூயோர்க்' பாட்டும் இதே தட்டில்தான் இருக்கின்றது. மக்கவனும் கேஸ்ரி மக்கோல் என்ற பாடகியும் ஏசிக்கொண்டே பாடுவார்கள். கனவோடு வந்து தோற்றுப்போன இரண்டு குடிபெயர்ந்தவர்களின் கதை. பொருட்களைத் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு இதைக் கேட்டிருப்பீர்கள்.

பெரியவர்கள் என்ன சொன்னார்கள்?

திட்டினார்கள்! 1985இல் ஐரிஷ் வானொலி நிகழ்ச்சி ஒன்றில் இவர்களை நேரில் வைத்துக்கொண்டு, கொன்செற்றினா வித்துவான் நோயல் ஹில் மிகக் கடுமையான சொற்களால் தாக்கினார். அவருடைய கோபத்தை நாம் பகிடி பண்ண மாட்டோம். தலைமுறை தலைமுறையாக நுட்பமாக வாசித்துக் காத்த இசையைக் குடிபோதைப் பெடியன்கள் உருட்டி விளையாடினால் வித்துவானுக்கு நோகத்தான் செய்யும். அதோடு குடித்துக் கூத்தடிப்பவன்தான் ஐரிஷ்காரன் என்று ஆங்கிலேயர் ஏற்கெனவே வைத்திருந்த பழிச்சொல்லுக்கு இவர்கள் உரமிடுகின்றார்கள் என்ற பயமும் பலருக்கு இருந்தது.

ஆனால் எல்லாப் பெரியவர்களும் கதவைச் சாத்தவில்லை. டப்ளினேர்ஸ் என்ற புகழ்பெற்ற நாட்டாரிசைக் குழு 1962இல் தொடங்கியது. மக்கவன் சிறுவயதில் கேட்டு வளர்ந்த குரல்களில் அவர்களுடையதும் ஒன்று. தமது இருபத்தைந்தாவது ஆண்டான 1987இல் அந்த மூத்தவர்கள் போக்ஸ் பெடியன்களை அழைத்து, 'ஐரிஷ் றோவர்' என்ற பழம்பாட்டைச் சேர்ந்து பாடிப் பதிவு செய்தார்கள். அது அயர்லாந்தில் முதலாம் இடத்துக்கும் பிரித்தானியாவில் எட்டாம் இடத்துக்கும் ஏறியது. ரெரி வூட்ஸ் என்ற மூத்த நாட்டாரிசைக் கலைஞரோ குழுவிலேயே சேர்ந்துவிட்டார். பேர்மிங்காம் பாட்டின் அமைதியான முதற்பாதி அவர் எழுதியதே.

இங்கேதான் நாம் சொல்லவரும் கருத்து இருக்கின்றது. போக்ஸ் பெடியன்கள் பழம்பாட்டைக் குழப்பினார்கள் என்பது உண்மை. ஆனால் குழப்புவதற்கு முன் அது அவர்களிடம் முழுதாக இருந்தது. எந்தப் பாட்டு எந்த ஊருடையது, எந்த அடி எத்தனை எண்ணிக்கை என்பதெல்லாம் காதுக்குத் தெரிந்திருந்தது. அடுப்படியில் கேட்டவர்கள் அவர்கள். கேளாத பிள்ளைக்கு உடைப்பதற்கும் ஒன்றும் இராது. இன்னொன்று: குழுவில் இருந்தவர்களில் பேர்ன்லி, பைனர், ஸ்ரேசி போன்றோர் ஆங்கிலேயர். பாட்டு இரத்தத்தில் வருவதில்லை, கூடியிருந்து வருவது.

மக்கவனை நாம் பிள்ளைகளுக்கு முன்மாதிரியாகக் காட்டவில்லை. குடியும் போதையும் அவரைத் தின்றன. 1991இல் குழுவினரே அவரை விலக்கினார்கள். பல்லும் போய், கடைசிக் காலத்தில் சக்கர நாற்காலியில் இருந்தார். குடிபெயர்ந்த ஆண்களைத் தனிமையும் குடியும் என்ன செய்யும் என்பது எமது சமூகத்துக்குப் புதிதல்ல. அதற்குப் பாட்டு ஒரு சாட்டும் அல்ல. 2023 நவம்பர் 30ஆம் திகதி தமது 65ஆவது வயதில் அவர் காலமானார். ரிப்பறேரியின் நீனா நகரத்துத் தேவாலயத்தில் நடந்த இறுதிச் சடங்கில் அயர்லாந்தின் அப்போதைய சனாதிபதி மைக்கல் ஹிகின்ஸ் உட்கார்ந்திருந்தார். நியூயோர்க் பாட்டு முழங்கியபோது உறவினர்கள் சவப்பெட்டிக்கு முன்னே எழுந்து ஆடினார்கள். இங்கிலாந்தில் பிறந்த ஒருவனைத் தன் பிள்ளை என்று அந்த நாடு ஏற்றுக்கொண்ட நாள் அது.

எங்கள் பிள்ளைகள்

எம்மிடையேயும் இது தொடங்கிவிட்டது. லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்து, அகதியாக லண்டன் திரும்பிய மாதங்கி அருட்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடுபவர். 2007இல் அவர் வெளியிட்ட தட்டுக்குத் தாயின் பெயரான 'கலா' என்பதையே வைத்தார். அதற்காகத் தமிழ்நாட்டு உறுமி மேளக்காரரின் அடிகளைப் பதிவு செய்தார். அதே தட்டில் உலகெங்கும் ஓடிய ஒரு பாட்டு, கிளாஷ் என்ற பங்க் குழுவின் பழைய பாட்டொன்றின் இசைத்துண்டின்மேல் கட்டப்பட்டது. அந்தக் கிளாஷ் குழுவின் பாடகர் ஜோ ஸ்றம்மர்தான் 1990இல் போக்ஸ் குழுவின் இன்னொரு தட்டைத் தயாரித்தவர். பாருங்கள், ஐரிஷ் அகதியின் கதையும் தமிழ் அகதியின் கதையும் லண்டனில் ஒரே முற்றத்தில் சந்தித்திருக்கின்றன!

எமது ரொறன்ரோவிலும் உண்டு. யாழ்ப்பாணத்தில் பிறந்து குழந்தையாக அகதியாய் இங்கு வந்த ஷான் வின்சன்ற் டி போல், மிருதங்கம் வாசிக்கும் யாஞ்சனோடு சேர்ந்து மிருதங்கச் சொற்கட்டுக்கு றாப் பாடினார். 2021இல் அவர் வெளியிட்ட தட்டின் பெயர் 'மேட் இன் ஜவ்னா'. யாழ்ப்பாணத்தில் செய்தது என்று பொருள். மிருதங்க வகுப்புக்குக் கட்டின காசு வீண் என்று யார் சொன்னது? அது எந்தக் கதவால் வெளியே வரும் என்பதுதான் எங்களுக்குத் தெரியாது.

ஆனால் எதைக் கொடுக்கின்றோம் என்பதையும் யோசிக்க வேண்டும். அரங்கேற்றத்துக்கு மண்டபமும் சேலையும் தேடுகின்றோம், நல்லது. காத்தவராயன் கூத்தின் சிந்து நடையை எத்தனை பிள்ளைகள் கேட்டிருக்கின்றார்கள்? அம்பாப் பாட்டு, அரிவி வெட்டுப் பாட்டு, அம்மம்மா சொன்ன ஒப்பாரி, உடுக்கு, பறை? இவற்றை 'ஊர்ச்சனத்தின் சங்கதி' என்று நாமே ஒதுக்கிவிட்டோம். பறையை ஒதுக்கியதற்குப் பின்னால் சாதி இருந்தது என்பதையும் ஒளிக்கத் தேவையில்லை. ஐரிஷ்காரரிடமும் பறையைப் போல் மரவளையத்தில் ஆட்டுத்தோல் கட்டிய 'பௌரான்' என்ற மேளம் இருக்கின்றது. அதை அவர்கள் இன்று நாட்டின் அடையாளமாக மேடையில் வைத்திருக்கின்றார்கள்.

இப்போது அந்தப் பெயர்க் கதைக்கு வருவோம். போக்ஸ் குழுவின் பெயர் ஐரிஷ் மொழியிலிருந்து வந்தது. பாட்டுகளோ ஏறக்குறைய எல்லாமே ஆங்கிலம். பஞ்சத்தில் செத்தவர்களிலும் கப்பலேறியவர்களிலும் பெரும்பகுதி ஐரிஷ் மொழி பேசிய ஏழைகள். மிஞ்சியவர்கள் பிள்ளை முன்னேற வேண்டுமென்று ஆங்கிலம் பேசினார்கள். தாளம் தப்பியது, மெட்டுத் தப்பியது, மொழி பெரும்பாலும் தப்பவில்லை. இன்று அரசும் பள்ளிக்கூடமும் முயன்றும் அதை அன்றாடம் வீட்டிலே பேசுவோர் ஒரு சிறு பகுதியினரே. ஆகவே பாட்டு இருந்தால் எல்லாம் இருக்கும் என்று நாம் ஆறியிருக்க முடியாது. ஓர் ஏச்சுச் சொல்லையாவது விளங்கி முறைப்பாடு செய்ய ஆட்கள் இருந்தால்தான் மொழி உயிரோடு இருக்கின்றது!

எனவே வாசகர்களே, எமது யோசனை இரண்டு. ஒன்று, வீட்டிலே அம்மம்மா, அப்பப்பா, பெரியம்மா யாராவது இருந்தால் இந்தக் கிழமையே தொலைபேசியை முன்னால் வைத்து அவர்கள் அறிந்த பாட்டைப் பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். குரல் நடுங்கினாலும் பரவாயில்லை. எந்த ஊரில், எந்த வேலைக்கு, யார் பாடியது என்பதையும் தமிழிலேயே சொல்லச் சொல்லுங்கள். இரண்டு, பிள்ளை அதை எடுத்துத் தன்பாட்டில் வெட்டி ஒட்டி, அடிபோட்டு, இரைச்சலாக்கிக் கொண்டுவந்தால் வாயை மூடிக்கொண்டு மூன்று நாள் கேளுங்கள். அதற்குள் உங்கள் காலும் ஆடத் தொடங்கலாம்.

அப்படிப் பதிந்த பாட்டு ஏதாவது உங்களிடம் இருந்தால் அதன் விபரத்தை எமக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.